மருந்துக் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்

"உடம்பெல்லாம் சிவந்து போச்சு மேடம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீங்க, எடுங்க பார்ப்போம்" என்பதுதான். பல பேரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. "ரோஸ் கலர் சிரப்பு மேடம்." "பவுடரா இருக்கும், தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொடுப்பாங்களே, அது." "எங்க ஊர்க் கடையில காய்ச்சலுக்குன்னு கேட்டு வாங்கினோம், பேரு தெரியல." மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு மட்டும் கிழித்துக் கொடுத்திருப்பார்கள். பெயர் இருந்த துண்டு கடையிலேயே நின்றுபோயிருக்கும்.

நான் படித்தது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில். தொழில் பார்ப்பது விழுப்புரத்தில். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் குழந்தைகளின் தோலைப் பார்த்துப் பார்த்து நான் உறுதியாக நம்பும் விஷயம் ஒன்று உண்டு. மருந்தால் வந்த தடிப்பா, நோயால் வந்த தடிப்பா என்பதைத் தோலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வைரஸ் காய்ச்சலில் பூக்கும் சிவப்பும் அமாக்சிசிலினால் வரும் சிவப்பும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது நாள் கணக்கு. எந்த மருந்து, எந்தத் தேதியில் முதல் வேளை, எந்தத் தேதியில் முதல் புள்ளி. இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

ஒரு தை மாதக் காலையில் பத்து மாதப் பெண் குழந்தையோடு ஒரு குடும்பமே வந்தது. மூன்று நாள் அனல் காய்ச்சல், 103 டிகிரி வரை ஏறியிருக்கிறது. இரண்டாம் நாள் ஒரு கிளினிக்கில் அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் நெஞ்சு, முதுகு, கழுத்து எல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளிகள். அப்பா சிரப் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, "இதுதான் மேடம் காரணம், ஒத்துக்கல" என்றார். கூட வந்த ஆயா அவரை மேலே பேச விடவில்லை. "அம்மா வந்திருக்கா டாக்டரம்மா. ஊசி கீசி போட்டுடாதீங்க. ஏழாம் நாள் தண்ணி ஊத்துறோம்." குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது.

குழந்தையோ என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தது. அதன் அம்மாவிடம் மட்டும் கேட்டேன்: "காய்ச்சல் இருக்கும்போதே சிவந்துச்சா, விட்டப்புறம் சிவந்துச்சா?"

"விடியக்காலமே உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு மேடம். பால் நல்லா குடிச்சா. துடைச்சு விடலாம்னு சட்டையைக் கழட்டினேன், அப்பதான் பார்த்தேன்."

அந்தப் பதிலிலேயே நோயின் பெயர் இருக்கிறது. ரோசியோலா. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வரும் வைரஸ் காய்ச்சல். மூன்று நாலு நாள் காய்ச்சல் கொளுத்தும். அது சட்டென்று விட்ட பிறகு உடம்பில் புள்ளி பூக்கும். இரண்டொரு நாளில் மருந்தில்லாமலே மறையும். காய்ச்சல் கொளுத்தும் நாள்களில் யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள். புள்ளி தெரிந்ததும் பழி அந்த மருந்தின் மேல் விழும். விட்ட காய்ச்சலையும் விளையாடும் குழந்தையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆயாவிடம், "வேப்பிலை பாட்டுக்கு இருக்கட்டும் ஆயா. பாலும் தண்ணியும் மட்டும் குறைக்காதீங்க" என்றேன். அப்பா தடுப்பூசி அட்டையை நீட்டினார். "இதுல அலர்ஜின்னு எழுதிக் கொடுத்துடுங்க மேடம், நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போனா காட்டணும்ல." அவருடைய அக்கறை நியாயமானது. ஆனாலும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்பதை அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

அமாக்சிசிலின் குடிக்கும் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தட்டையான சிவப்புப் புள்ளிகள் வரும். பெரிதாக அரிக்காது, வாயைத் தொடாது, மூச்சைத் தொடாது. இதைப் பெரும்பாலும் உண்மையான அலர்ஜி என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் வைரஸும் மருந்தும் சேர்ந்து தோலில் காட்டும் கோலம் அது. சுரப்பிக் காய்ச்சல் வைரஸ் இருக்கும்போது இந்த மருந்தைக் கொடுத்தால் உடம்பே செக்கச்செவேல் என்று ஆவது பல பத்தாண்டுகளாக மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கனடாவின் மான்ட்ரியல் நகரில், அமாக்சிசிலினால் தோலில் மாற்றம் வந்ததாகக் குறிக்கப்பட்ட 818 குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் வைத்து, கண்காணிப்போடு அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். 94 சதவீதக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016-ல் வெளியான ஆய்வு இது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. மீதியுள்ள 6 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பது வீட்டில் தெரியாது.

ஆராயாமல் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டால் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க எளிய, விலை குறைந்த, நன்றாகப் பழகிய ஒரு மருந்துக் குடும்பமே மறுக்கப்படுகிறது. ஒவ்வொரு தொண்டை வலிக்கும் அதைவிட வீரியமான வேறு மருந்து. நம் நாட்டில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் இங்கே இன்னும் ஒழியவில்லை. அதனால் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருடக்கணக்காகப் போடும் ஊசி பென்சிலின்தான். ஒரு வயதில் யாரோ சிவப்பு மையில் எழுதிய ஒரு வார்த்தை, பத்து வயதில் அந்த ஊசிக்கு முன்னால் வந்து நிற்கும். நிஜமாகவே பென்சிலின் அலர்ஜி இருந்தவர்களில்கூடப் பத்து வருடத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு அது அடங்கிவிடுகிறது. அட்டையில் எழுதியது மட்டும் அடங்காது.

மருந்தின் மேல் பழி போடுவதால் நோய் தப்பிவிடுவதும் உண்டு. ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், சீழ் இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, வீங்கிய கை கால், கூடவே தடிப்பு என்றால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைக் கெடுக்கக்கூடிய நோய். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 'சிரப் ஒத்துக்கல, வேற சிரப் மாத்துவோம்' என்று அந்தப் பத்து நாள் கழிந்துவிடக் கூடாது. தட்டம்மையும் அப்படித்தான். இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, நாலாம் நாள் காதுக்குப் பின்னாலிருந்து இறங்கும் புள்ளி என்றால் அது அம்மைதான், ஆன்டிபயாட்டிக் மேல் குற்றமில்லை.

இனி, உண்மையிலேயே மருந்தால் வருகிறவை.

கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திட்டுத்திட்டாகத் தடித்து, ஒரு இடத்தில் அமுங்கி இன்னொரு இடத்தில் எழும்பும், அரிப்பு பிடுங்கித் தின்னும் என்றால், நம் ஊரில் காணாக்கடி என்பார்களே, அது. வைரஸாலும் காணாக்கடி வரும். மருந்தால் என்றால் நேரம் காட்டிக்கொடுக்கும். ஐபுப்ரோஃபென் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு உடம்பைவிடக் கண்ணிமைதான் முதலில் வீங்கும். இரண்டு கண்ணும் மூடிக்கொள்கிற அளவுக்கு வீங்கி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கேட்டால், "பாரசிட்டமால்தான் மேடம் கொடுத்தோம்" என்பார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் கலந்த சிரப்பாக இருக்கும். சிரப்பின் முன்பக்கப் பெயரைப் படித்தால் போதாது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இருக்கிறது.

தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்மல், விடாத வாந்தி, துவண்டு விழுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது தோல் விவகாரம் இல்லை, உயிர் விவகாரம். அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. அரிப்புக்கான ஊசியைப் போட்டுவிட்டு 'பார்ப்போம்' என்று உட்காரும் நேரம் இல்லை அது. வீட்டில் நடந்தால் 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காமல் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் மடியில் உட்கார வைக்கலாம்.

துப்பறிய வேண்டியிருக்கும் ஒரு வகை உண்டு. நாலு வயசுப் பையன் ஒருவன் கீழுதட்டில் கறுப்புத் திட்டோடு வந்தான். வலது முன்கையிலும் ஒன்று, பழைய ஐம்பது காசு அளவுக்கு வட்டமாக. "சூடு வெச்ச மாதிரி இருக்குன்னு ஸ்கூல்ல மிஸ் என்னைத்தான் கேக்குறாங்க மேடம்" என்று அவன் அம்மா கண் கலங்கினார். பெற்ற பிள்ளைக்குச் சூடு வைத்தவள் என்ற பார்வையைச் சுமந்துகொண்டு வந்திருந்தார் அந்தப் பெண். திட்டு எப்போதாவது சிவக்கிறதா என்று கேட்டேன். "வயித்தால போறப்ப எல்லாம் செவந்து எரியும், அப்புறம் கறுத்துடும்" என்றார். வயிற்றால் போகும்போது என்ன கொடுப்பீர்கள்? கடையில் வாங்கும் ஒரு சிரப். மறுநாள் எடுத்துவரச் சொன்னேன். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மருந்து. முதல் தடவை திட்டு வர நாளாகும். அடுத்த தடவை முதல், கொடுத்த சில மணி நேரத்தில் அதே உதடு, அதே முன்கை, அதே இடம் சிவக்கும். சில குழந்தைகளுக்குப் புதிதாக ஒரு இடம் சேரும். ஆறியதும் கறுப்பு நிற்கும். கோ-டிரைமாக்சசோலும் வலி மருந்துகளும்கூட இதைச் செய்யும். ஆண் பிள்ளைகளுக்குக் குறி நுனியில் வந்து வீடே கலங்கிப்போவதும் உண்டு.

அந்தப் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு சீட்டு மட்டும்: இந்த இரண்டு மருந்தும் எந்தப் பெயரிலும் வேண்டாம். குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலும் 14 நாள் ஜிங்க்கும் போதும் என்பதையும் சேர்த்து எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்தேன். அந்த அம்மா கடிதத்தைத்தான் முதலில் பத்திரமாகப் பையில் வைத்தார்.

ஆன்டிபயாட்டிக்கால் வரும் மிகச் சாதாரணமான தோல் தொல்லை இது எதுவும் இல்லை. மருந்தால் வயிறு இளகி, டயபர் கட்டும் இடத்தில் பூஞ்சை பிடித்து, தொடை இடுக்கில் செக்கச்செவேல் என்று சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாகச் சிதறியிருக்கும். குளோட்ரிமசோல் களிம்பும் காற்றும் போதும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு களிம்பு இருக்கும். பெரியவர்களின் படைக்கு வாங்கியது, ஸ்டீராய்டும் கிருமிக்கொல்லியும் பூஞ்சை மருந்தும் எல்லாம் கலந்தது. அதைத் தடவினால் இரண்டு நாளில் சிவப்பு குறைந்த மாதிரி தெரியும். பிறகு பிஞ்சுத் தோல் மெலிந்து, பூஞ்சை இன்னும் ஆழமாகப் போகும். 2018-லேயே பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது. கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. இதைப் பற்றிக் கோபப்படாமல் என்னால் எழுத முடியவில்லை.

எனக்குப் பயம் தருவது நாள் தள்ளி வருகிறவைதான். வலிப்புக்கு மாத்திரை ஆரம்பித்த ஐந்து வயசுப் பெண் குழந்தை. கார்பமசிபின். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல், கண் எரிச்சல், தொண்டை வலி. நெஞ்சில் கருஞ்சிவப்புத் திட்டுகள். வீட்டில் அம்மை என்று முடிவு கட்டி, தாளிப்பை நிறுத்தி, வாசலில் வேப்பிலை கட்டி, மூன்று நாள் வைத்திருந்துவிட்டார்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்திருக்கிறார்கள், டாக்டர் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால். என்னிடம் வரும்போது உதடு முழுக்கக் கருரத்தம் உறைந்து பொருக்காகியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "தொட்டாலே வலிக்குதுன்னு அழுவுது மேடம், தூக்கவே விடல" என்றார் அம்மா. அந்த வார்த்தைதான் என் வயிற்றைப் பிசைந்தது. அம்மை அரிக்கும், அலர்ஜி அரிக்கும். தோல் வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் தோல் உள்ளிருந்து செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தோளில் திட்டின் ஓரத்தை விரலால் லேசாக நகர்த்தினேன். மேல்தோல் ஈரக் காகிதம் போலக் கழன்று வந்தது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் முதலில் விவரித்ததே நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களிடம்தான், ஏழு வயது, எட்டு வயது. காய்ச்சல், வாய்ப்புண், சீழ் பிடித்த கண், உடம்பில் திட்டு. அவர்கள் எழுதியது அப்படியே என் மேசை முன்னால் இருந்தது. உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் தோல் உரிந்தால் இந்தப் பெயர், முப்பது சதவீதத்தைத் தாண்டினால் அதன் கொடிய அண்ணன், டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். மருந்து தொடங்கிய நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் வரும். கார்பமசிபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிடல், லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்துகளும் சல்ஃபா மருந்துகளும்தான் பெரும்பாலும் காரணம். குழந்தைகளுக்கு மைக்கோபிளாஸ்மா கிருமியாலும் இதுபோன்ற நோய் வரும். சிலரின் மரபிலேயே இதற்கான வாசல் திறந்திருக்கிறது. கார்பமசிபினுக்கு அப்படி ஒரு மரபணு வகையைத் தைவான் ஆய்வாளர்கள் 2004-ல் அடையாளம் கண்டார்கள்.

மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தி, வலிப்புக்கு வேறு வகை மருந்தை மாற்றி, அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். தீக்காயப் பிரிவில் கவனிப்பதுபோலத்தான் இந்தக் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். கண் மருத்துவரும் முதல் நாளே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இமை விழியோடு ஒட்டிப் பார்வை போய்விடும். அந்தக் குழந்தை பிழைத்தது. பார்வையும் தப்பியது. கண்ணில் ஈரம் சுரப்பது குறைந்துவிட்டதால் இன்றும் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறது.

இன்னொன்று இதைவிட மெதுவாக வரும். மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், முக வீக்கம், கழுத்தில் நெறி, உடம்பெங்கும் தடிப்பு, உள்ளே ஈரல் பாதிப்பு. டிரெஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். இதையும் வலிப்பு மருந்துகள்தான் அதிகம் கொண்டுவருகின்றன. ஆனால் 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த நோயை முன்னிட்டு எச்சரிக்கை விடுத்தது மெஃபெனாமிக் ஆசிட் பற்றி. நம் வீடுகளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றதும் எடுக்கும் சிரப்களில் இருப்பது. அரிதாக வருவதுதான். ஆனாலும் டாக்டர் சொல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம் என்று என்னிடம் வருகிற தாய்மார்களுக்குச் சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் போதும். 103-ஐ 100-க்குக் கொண்டுவந்தால் போதும், 98-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அம்மை என்று நினைத்தாலும் குழந்தையை ஒருமுறை காட்டிவிடுங்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதையோ வேப்பிலையையோ நான் தடுக்க மாட்டேன். வாயில் புண், கண் சிவப்பு, தோலில் வலி, கொப்புளம், முக வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் ஏழாம் நாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரைத் திட்டின் மேல் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையாமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்குள் கசிந்த ரத்தம், இரவானாலும் கிளம்பி வாருங்கள்.

வெட்டிய அட்டையானாலும் பெயர் இருக்கும் துண்டைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரையும் முதல் வேளை கொடுத்த தேதியையும் கவரின் மேலேயே எழுதி, மருந்து முடிந்த பிறகும் இரண்டு மாதம் வையுங்கள். புள்ளி தெரிந்ததும் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். டாக்டர் 'அலர்ஜி' என்று எழுதினால் எந்த மருந்து, எத்தனையாம் நாள், என்ன மாதிரி வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. குழந்தைக்கு மருந்தால் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் நீங்களே நேரடியாகப் புகார் செய்யலாம், டாக்டர் மூலம்தான் போக வேண்டும் என்பதில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024.